விளக்குக் கட்சிக்குப் பதினேழு ஓட்டு

ஈப்போ
4 ஜனவரி 2009

சித்தப்பாவுக்கு ருமியாத்தியின் சலாம்.

நான் நலம் என்று முதல் வரியில் எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். என் போனை முதலாளியம்மா வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். மாதம் ஒருமுறை, அவர் எதிரில் உட்கார்ந்திருக்க, ஐந்து நிமிடம் பேசலாம். அதற்குள் என்னத்தைக் கேட்க, என்னத்தைச் சொல்ல? சந்தையில் காய்கறிக் கடை வைத்திருக்கும் தமிழ் அக்கா ஒருத்தி கடிதத்தைத் தபாலில் சேர்க்கிறேன் என்றாள். பதிலையும் அவள் கடை முகவரிக்கே போடுங்கள்.

என் ஒப்பந்தம் ஏப்ரல் 25 அன்று முடிகிறது. மார்ச் 31க்குள் புதுத்தாளில் கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருடம். அதற்கு முன்னால் மே மாதம் முழுக்க ஊரில் லீவு, டிக்கெட் அவர்கள் செலவு. போடாவிட்டால் ஒரேயடியாக வீட்டுக்கு.

என் வீட்டுக்காரர் வாத்தியார் வேலையை ராஜினாமா செய்துவிட்டார். அரசாங்க வேலையில் இருந்துகொண்டு தேர்தலில் நிற்க முடியாதாம். என்னைக் கேட்கவில்லை. கேட்டால், "இன்ஷா அல்லாஹ், ஜெயிப்போம்" என்று ஒரே வரி. மாவட்ட மன்றத்துக்கு அவர் ஜெயித்தால் நான் வந்துவிடலாம். தோற்றால் அந்த வீட்டில் சம்பாதிக்கும் ஆள் நான் ஒருத்திதான். ஆனால் தேர்தல் ஏப்ரல் 9. முடிவு தெரிவதற்கு முன்பே நான் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

போன மாதம் பேசியபோது சித்தி போனை நஸ்வா காதில் வைத்தார். "அம்மா பேசுறேன்டா கண்ணு" என்றேன். அவள் சித்தி பக்கம் திரும்பிக் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது: "அம்மா, போன்ல யாரு?"

இரண்டு வயதில் விட்டுவிட்டு வந்தேன். இப்போது நான்கு. இன்னும் இரண்டு வருடம் போனால் நான் யாராக இருப்பேன்?

கல்யாணமோ மையித்து அடக்கமோ, ஊரில் உங்கள் நாற்காலி போகாத வீடு இல்லை. எல்லார் பேச்சும் உங்கள் காதில் விழும். உண்மையைச் சொல்லுங்கள் சித்தப்பா. ஜெயிப்பாரா?

ருமியாத்தி

*

சும்பர்வாரு
17 ஜனவரி 2009

என் மறைந்த அண்ணன் கஸ்மூரியின் ஒரே மகள் ருமியாத்திக்கு, பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவனும் இப்போது விளக்குக் கட்சியின் வெற்றிக்குழுத் தலைவனுமான உன் சித்தப்பா சர்பினி சலாம் சொல்லி எழுதுவது.

உண்மையைச் சொல்லுங்கள் என்கிறாயே, நான் எப்போது பொய் சொன்னேன்? கொஞ்சம் அலங்காரம் உண்டு. பந்தல்காரன் கை, மூங்கிலை மூங்கிலாக விடுமா?

மாப்பிள்ளை முக்லிஸ் ஜெயித்துவிட்டான். மக்கள் வந்து ஓட்டுப் போடுகிற வேலை மட்டும்தான் பாக்கி.

போன ஞாயிறு பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம் போட்டேன். மூவாயிரம் பேர். குறைத்துச் சொல்கிறேன். புல் தெரியவில்லை. அத்தனை பேரும் என் நாற்காலியில் உட்கார்ந்து, என் ஒலிபெருக்கியில் மாப்பிள்ளை பேசியதைக் கேட்டார்கள். சத்தம் மூன்று மலை தாண்டிப் போனதாம். நகரத்திலிருந்து வந்த, மார்க்கம் போதிக்கிற கட்சி உஸ்தாத் என் கையைப் பிடித்து, "சர்பினி ஐயா, உங்க மூளை ஜகார்த்தாவுல இருக்க வேண்டியது" என்றார். அங்கே ஏற்கெனவே நெரிசல், நான் வேறு எதற்கு என்று மறுத்துவிட்டேன்.

கணக்கு எளிது. நம் ஊரில் ஆயிரத்து இருநூறு ஓட்டு. அத்தனை பேரும் முஸ்லிம். விளக்குக் கட்சி முஸ்லிம்களின் கட்சி. ஆக ஆயிரத்து இருநூறும் நமக்கு. இதற்கு மேல் கணக்குப் படித்தவன் இருந்தால் என் முன்னால் வரட்டும். நான் நாலாம் வகுப்புதான், ஆனால் அதை மூன்று வருடம் படித்தேன். மற்றவர்கள் மேலோட்டமாகப் படித்ததை நான் ஆழமாகப் படித்தவன்.

எதிரி யார்? கதிர்க் கட்சி டார்சோனோ. கோழிப்பண்ணைக்காரன். வருடத்துக்கு இரண்டு பெருநாளைக்குத்தான் பள்ளிவாசலில் அவன் தலை தெரியும். போன பெருநாளைக்கு அவன் தொப்பியில் விலைச்சீட்டு தொங்கியதை நானே பார்த்தேன்.

ஊரில் கிண்டல் இல்லாமலா? காப்பிக் கடையில் கிழவன் லெகிமான் எல்லார் முன்னாலும் கேட்கிறான்: "ஏய் சர்பினி, உன் மாப்பிள்ளை எங்களுக்குச் சொர்க்கத்துல எடம் புடிச்சுத் தரேங்கிறாரு. டார்சோனோ கபர்ஸ்தானுக்கு ரோடு போட்டுத் தரேங்கிறான். செத்தவன் மொதல்ல எதுல போவான், சொல்லு பாப்போம்!"

கடையே சிரித்தது. நான் கொடுத்த பதிலில் கப்சிப் ஆகிவிட்டது. என்ன பதில் என்று இப்போது சரியாக நினைவில்லை. அவ்வளவு நீளமான பதில்.

நஸ்வா அன்று மேடையேறி மைக்கில், "வெளக்கு! வெளக்கு!" என்று கத்தினாள். கைதட்டல் அடங்கக் கால்மணி நேரம் ஆனது. போனில் அவள் கேட்டதை மனதில் வைத்துக்கொள்ளாதே. குழந்தை. உன் சித்தி கத்மியைப் பக்கத்தில் பார்த்துப் பழகிவிட்டாள், அவ்வளவுதான்.

பெட்டியைக் கட்டத் தொடங்கு.

உன் சித்தப்பா சர்பினி

*

ஈப்போ
1 பிப்ரவரி 2009

சித்தப்பாவுக்கு,

உங்களிடம் இருப்பது நூற்றி இருபது நாற்காலி. அதில் ஒன்பதுக்குக் கால் போய்விட்டது என்று நான் கிளம்பும்போதே புலம்பினீர்கள். மூவாயிரம் பேர் எதில் உட்கார்ந்தார்கள்?

கோபித்துக்கொள்ள வேண்டாம். இரவல் வாங்கி வந்தீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் இன்னொன்றும் இடிக்கிறது. எல்லாரும் முஸ்லிம், அதனால் எல்லா ஓட்டும் நமக்கு என்கிறீர்கள். டார்சோனோவும் முஸ்லிம்தானே? ஊரில் எல்லாரிடமும் இருக்கிற ஒன்றைக் காட்டி ஒருவர் மட்டும் எப்படி ஓட்டுக் கேட்பது? இங்கே பாத்திரம் தேய்த்துக்கொண்டே இதை யோசிக்கிறேன். நான் அரசியல் தெரியாதவள், தப்பாக இருக்கலாம்.

இதை விடுங்கள். பிப்ரவரி 13 வெள்ளிக்கிழமை அப்பாவின் ஆயிரமாவது நாள். ஏழாம் நாளுக்கு இருந்தேன், நாற்பதுக்கு இருந்தேன், நூறாம் நாளுக்குச் சோறு வடித்தேன். முதல் வருடத்துக்கு இல்லை, இரண்டாம் வருடத்துக்கு இல்லை. இதற்கும் இல்லை. இதுதான் கடைசி. இதற்குப் பிறகு ஊர் கூடி அப்பா பெயரைச் சொல்லப் போவதில்லை.

அன்றுதான் கபருக்குக் கல் வைக்க வேண்டும். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. மருமகன்தான் மகன் இடத்தில் நிற்க வேண்டும். தலைமாட்டுக் கல்லை அவர் பிடிக்கட்டும். யாசீன் ஓதும்போது முன் வரிசையில் உட்காரட்டும். அவர் கட்சிக்காரர்களுக்கு இதெல்லாம் பிடிக்காது என்று அரசல்புரசலாகத் தெரியும். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். என் பெயரைச் சொல்லி உட்கார வையுங்கள்.

எப்படி நடந்தது என்று எழுதுங்கள். அலங்காரம் இல்லாமல்.

ருமியாத்தி

*

சும்பர்வாரு
20 பிப்ரவரி 2009

மகளே ருமியாத்திக்கு,

உன் அப்பாவின் ஆயிரமாவது நாள் ராஜாவுக்கு நடக்கிற மாதிரி நடந்தது. அறுபது வீட்டு ஆம்பளைகள் வந்தார்கள். எண்பது என்றாலும் ஆட்சேபம் சொல்ல ஆள் இல்லை. உன் சித்தி வடித்த தும்பெங் சோறு கோபுரம் மாதிரி நின்றது. அப்பம் சுட்ட வாசனைக்குப் பக்கத்து ஊர் நாய்கள் வந்துவிட்டன. ஓதுகிற சத்தத்தை நான் ஒலிபெருக்கியில் போட்டேன். அண்ணனுக்கு அங்கே கேட்டிருக்கும்.

மழை கொட்டியது. மழை நல்ல சகுனம் என்று எல்லாரும் சொன்னார்கள். நான்தான் முதலில் சொன்னேன்.

மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டாய். வந்தான். வராமல் என்ன? வேலி வரை வந்தான். அன்றைக்குப் பார்த்து வயிறு கொஞ்சம் சரியில்லை. அதோடு நகரத்து உஸ்தாத் காரை எங்கள் வாசலில் நிறுத்திக்கொண்டு அவனுக்காகக் காத்திருந்தார். ஏதோ அவசரக் கூட்டம். ஆகவே வேலியோரம் நின்றே அண்ணனுக்காக அல்லாஹ்விடம் துஆ கேட்டுவிட்டு, ஓரிரு வார்த்தை அருமையாகப் பேசிவிட்டுப் போனான். கேட்டவர்கள் உருகிப்போனார்கள்.

இந்த டார்சோனோ இருக்கிறானே, கூப்பிடாமலே வந்தான். தொப்பி தலைக்குச் சின்னது. யாசீனைத் தப்புத் தப்பாக ஓதினான், ஆனால் எல்லாரையும் விடச் சத்தமாக. சோற்றை வழித்துச் சாப்பிட்டான். உன் சித்தியிடம் இன்னொரு கரண்டி மிளகாய்ச் சம்பல் கேட்டு வாங்கினான், வெட்கமே இல்லாமல். அப்புறம் கல் தூக்கும் நேரம். கபர்ஸ்தான் ஏற்றம் உனக்குத் தெரியும், மழையில் சோப்பு மாதிரி வழுக்கும். எட்டுப் பேர் தூக்குகிற கல்லுக்கு ஆறு பேர்தான் கை கொடுத்தார்கள். இவன் சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு உள்ளே புகுந்துவிட்டான். முழங்கால்வரை சேறு. ஒரு செருப்பைச் சேறு விழுங்கிவிட்டது. ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குப் போனான். நாடகக்காரன்! ஓட்டுக்காகச் செருப்பையே விட்டவனை எங்காவது பார்த்திருக்கிறாயா?

தலைமாட்டை யார் பிடித்தது என்று கேட்பாய். மழையில் சரியாகத் தெரியவில்லை. நிறையக் கைகள் இருந்தன.

கல் நேராக நிற்கிறது. பெயர் சரியாக வெட்டியிருக்கிறது. அது போதாதா?

உன் சித்தப்பா சர்பினி

*

ஈப்போ
5 மார்ச் 2009

சித்தப்பாவுக்கு,

நம் ஊர் துமினி இரண்டு தெரு தள்ளி வேலை செய்கிறாள். அவள் அம்மா எழுதிய கடிதத்தைச் சந்தையில் நிற்க வைத்து எனக்கு வாசித்துக் காட்டினாள். நான் கேட்காமலே.

வயிறு நன்றாகத்தான் இருந்திருக்கிறது. லெகிமான் தாத்தா, "வாத்தியாரே, உள்ள வாங்க, உங்களுக்காகத்தான் ஆரம்பிக்காம இருக்கோம்" என்று கூப்பிட்டிருக்கிறார். அவர் வேலிக்கு வெளியே நின்றபடி, காரில் இருந்த உஸ்தாதுக்கும் கேட்கிற மாதிரி சொல்லியிருக்கிறார்: "மன்னிச்சுக்குங்க. ஆயிரம் நாள்னு ஒரு கணக்கு மார்க்கத்துல இல்ல. நான் வீட்ல தனியா துஆ கேட்டுக்கறேன்."

அதற்கு லெகிமான் தாத்தா: "அப்படியா? அப்ப நாப்பது வருஷமா நாங்க ஓதினதெல்லாம் எங்க போச்சு வாத்தியாரே? எங்கப்பனுக்கு ஓதினது? உங்க மாமனார் எங்கப்பனுக்கு ஓதினது?"

அவர் காரை நோக்கி நடந்தாராம். சித்தி நீட்டிய சோற்றுப் பெட்டியை வாங்கவில்லையாம். கார் போன பிறகும் சித்தி அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாராம்.

தலைமாட்டைப் பிடித்தது டார்சோனோ.

நான் யார் மேல் கோபப்பட? அவர் கெட்டவர் இல்லை. ஒரு பிள்ளையிடமும் கை நீட்டிக் காசு வாங்காத வாத்தியார். தான் சரியென்று நம்புவதைச் சொன்னார். ஆனால் அது என் அப்பா.

முதலாளியம்மா தாளை எடுத்து மேசையில் வைத்துவிட்டார். தினமும் அதைத் தூக்கித் துடைத்து அதே இடத்தில் வைக்கிறேன். இனி கதை வேண்டாம். ஒரே வரி எழுதுங்கள். ஜெயிப்பாரா, மாட்டாரா? போடட்டுமா, வேண்டாமா? நீங்கள் எழுதுவதை வைத்துத்தான் செய்யப்போகிறேன். எனக்கு அங்கே வேறு யார் இருக்கிறார்கள்?

ருமியாத்தி

*

சும்பர்வாரு
17 மார்ச் 2009

மகளே,

ஒரே வரி என்றாய். நான் வாழ்க்கையில் ஒரே வரியில் சலாம் கூடச் சொன்னதில்லை. மூன்று தாள் கிழித்துவிட்டேன்.

இந்த மாதம் நாற்காலிகளுக்கு ஓய்வு கொடுத்திருக்கிறேன். அவையும் பாவம், வருடம் முழுக்க உழைத்தவை. சுகிமின் வீட்டுக் கல்யாணத்துக்கு அடுத்த ஊரிலிருந்து நாற்காலி வரவழைத்தார்கள். என்னுடையவை தரம் அதிகம், அவர்கள் வீட்டுக்குப் பொருந்தாது.

நேற்று நஸ்வா உன் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினாள். அரைமணி. சரி, பார்த்தாள்.

உன் சித்தி இதை எழுதும்போது பக்கத்தில் நின்று, "என்ன எழுதுறீங்க?" என்று கேட்டாள். தாளைக் கையால் மூடிக்கொண்டேன். "அவ வந்துடுவாளா?" என்றாள். "வந்துடுவா" என்றேன். சமையலறைக்குப் போய்விட்டாள். அங்கே அந்த நேரத்தில் ஒரு வேலையும் இல்லை.

ஆகவே எழுதுகிறேன், ஒரே வரி:

ஜெயித்துவிடுவான். கையெழுத்துப் போடாதே, வீட்டுக்கு வா.

சர்பினி

*

ஈப்போ
30 மார்ச் 2009

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இன்று காலை முதலாளியம்மாவிடம் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"ஏன், உன் புருஷன் மந்திரி ஆகப்போறானா?" என்றார்.

"மாவட்ட மன்ற உறுப்பினர்மா."

"அப்ப இனிமே உனக்கே வீடு துடைக்க ஒரு ஆள் வெச்சுக்குவ."

சிரித்தேன். இரண்டு வருடத்தில் இந்த வீட்டில் நான் சத்தமாகச் சிரித்தது இதுதான். அவர் திரும்பிப் பார்த்தார்.

உங்கள் கடிதம் வந்த அன்று நம்பாமல்தான் படித்தேன். மூன்று தாள் கிழித்தேன் என்று எழுதியிருந்தீர்கள். கிழித்து யோசித்து எழுதியது பொய்யாக இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்ப வேண்டும் போல இருந்தது, அதுவும் உண்மை. அப்பா விஷயத்தில் அவரிடம் கேட்க வேண்டியதை நேரில் கேட்டுக்கொள்கிறேன். நேரில் சண்டை போடலாம் என்று நினைப்பதே எவ்வளவு ஆறுதல் தெரியுமா?

ஏப்ரல் 25ஆம் தேதி கிளம்பி மறுநாள் சுரபாயா. நஸ்வாவிடம் இப்போது சொல்ல வேண்டாம். சித்தியிடம் மட்டும் சொல்லுங்கள்: நான் வந்தவுடன் குழந்தையைப் பறித்துக்கொண்டு போக மாட்டேன். ஒரு மாதம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறேன். அவளே என் பக்கம் நகர்ந்து வரட்டும்.

துமினி அழுகிறாள், அவளுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. என் செருப்பை அவளுக்குக் கொடுத்துவிட்டேன்.

ருமியாத்தி

*

சும்பர்வாரு
10 ஏப்ரல் 2009, விரைவுத் தபால்

ருமியாத்தி,

இது கைக்கு வந்தவுடன் மற்றதைப் படிக்காமல் முதலாளியம்மாவிடம் ஓடு. இருக்கிறேன் என்று சொல். அந்தத் தாளைத் திரும்பக் கேள். சொல்லிவிட்டு வந்து மீதியைப் படி.

நேற்று மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் அந்த அம்மா வைத்துவிட்டாள்.

மாப்பிள்ளை தோற்றுவிட்டான். நம் பள்ளிக்கூடச் சாவடியில் டார்சோனோவுக்கு இருநூற்றுப் பதினான்கு. முக்லிஸுக்குப் பதினேழு. இதில் அலங்காரம் இல்லை. அவர்கள் ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிக் காட்டி எண்ணினார்கள். என் ஒலிபெருக்கியில்தான் அறிவித்தார்கள். நம் ஊரின் மற்றச் சாவடிகளிலும், மற்ற ஊர்களிலும் இப்படித்தான்.

எனக்கு முன்பே தெரியும். ஆயிரமாவது நாளன்றே தெரியும். அன்று மாலை அவன் திரும்பி வந்து, "சித்தப்பா, நான் சொன்னதை எப்படி எடுத்துக்கிட்டாங்க?" என்று கேட்டான். முகத்தைப் பார்த்தால் கேட்கவே பயந்து கேட்கிறான். "அழுதுட்டாங்க மாப்பிள்ளை, உன் நேர்மையைப் பாத்து" என்றேன். நிமிர்ந்தான். அடுத்த நாளிலிருந்து நம் ஊரில் ஒரு வீட்டு வாசலையும் மிதிக்கவில்லை. சொந்த ஊர் கையில் இருக்கிறது என்று மலைக்கு அந்தப் பக்கம் போய்ப் பேசிக்கொண்டிருந்தான். அன்றைக்கு நான், "போய் லெகிமான் கையைப் புடிச்சு மன்னிப்புக் கேளு, ஒரு கவளம் சோறு சாப்பிடு" என்று சொல்லியிருந்தால் ஒருவேளை மாறியிருக்கும். சொல்லவில்லை. நல்லதாகச் சொல்லியே பழகிய வாய்.

உனக்கு ஏன் பொய் எழுதினேன் என்று நினைப்பாய். தோற்பான், கையெழுத்துப் போடு என்றுதான் முதல் தாளில் எழுதினேன். எழுதிவிட்டுப் பார்க்கிறேன், நஸ்வா கத்மியின் மடியில் தூங்குகிறாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. நீ அங்கே இருந்தால் இன்னும் இரண்டு வருடம் இவள் எங்களுக்கு. நான் எழுதுவது உனக்காகவா எங்களுக்காகவா என்று எனக்கே தெரியவில்லை. கிழித்தேன். இரண்டாவதும் அப்படியே. குழந்தையைத் திருடுகிறவன் ஆகக் கூடாது என்று மூன்றையும் கிழித்துவிட்டு, "வா" என்று எழுதினேன். அதை எழுதியபோது நான் பெரிய மனிதன் மாதிரி இருந்தேன். உன் லீவு போய்விடுமே என்பது தபாலில் போட்ட பிறகுதான் உறைத்தது.

இன்னொன்று இருக்கிறது. இதைச் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் மறுபடியும் அலங்காரம்.

பதினேழு பேரில் நான் இல்லை.

சாவடிக்குள் போனேன். பாய் அகலத்துக்கு ஒரு தாள். விளக்கைக் கண்டுபிடித்தேன், மாப்பிள்ளை பெயரையும் கண்டுபிடித்தேன். பேனாவை அதன் மேல் வைத்தேன். அப்போது எனக்கு மார்க்கமும் தோன்றவில்லை, கட்சியும் தோன்றவில்லை. எனக்கு அறுபத்தொரு வயது. தொழச் சொல்லித் தர எனக்குப் பள்ளிவாசல் இமாம் இருக்கிறார். அதற்கு மாவட்ட மன்றத்துக்கு ஆள் அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் நான் போய்ச் சேர்ந்தால் என்னை அந்த ஏற்றத்தில் தூக்கிக்கொண்டு போவது யார்? பெற்ற பிள்ளை கிடையாது. மாப்பிள்ளை வேலியோரம் நிற்பான். டார்சோனோ சட்டையைக் கழற்றுவான். ஓட்டுக்காகத்தான் கழற்றுவான், தெரியும். இருந்தாலும் தூக்குவான்.

பேனாவை நகர்த்திக் கதிர் மேல் போட்டேன். வெளியே வந்து விரலில் மையைக் காட்டி, "வெளக்கு!" என்று கத்தினேன். மாப்பிள்ளை என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

வெற்றிக்குழுத் தலைவனே இப்படியென்றால் மற்றவர்களைக் கேட்க வேண்டுமா? லெகிமான் சாயங்காலம் வந்தான். கிண்டல் பண்ணுவான் என்று பார்த்தேன். "வாத்தியார் நல்ல மனுஷன்டா. பாவம்டா. ஆனா நாங்க இன்னும் முஸ்லிம் ஆகவே இல்லங்கிற மாதிரி பேசினா, எப்படிடா போடுறது?" என்று சொல்லிவிட்டு, அவனே கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான்.

முக்லிஸ் இன்று காலை பழைய வாத்தியார் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டான். மடித்து மறுபடி பெட்டியில் வைத்தான். பதினேழு பேரும் யார் யார் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறான். முதல் விரல் நான்.

அவனிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உன்னிடம் சொல்லிவிட்டேன். என்ன வேண்டுமானாலும் திட்டு. முதலில் போய்க் கையெழுத்துப் போடு.

சர்பினி

*

ஈப்போ
19 ஏப்ரல் 2009

சித்தப்பாவுக்கு,

நேற்று வந்தது. காய்கறிக் கடையில் நின்று படித்தேன். நீங்கள் சொன்னபடி முதல் பத்தியோடு நிறுத்திவிட்டு ஓடினேன்.

"ஏஜென்ட் வேற பொண்ணு தரேன்னு சொல்லிட்டானே" என்றார் முதலாளியம்மா.

"நான் இருக்கேம்மா."

"உன் புருஷன்?"

"ஜெயிக்கலம்மா."

அவர் காலண்டரைப் பார்த்துவிட்டு, "லீவு கெடையாது. தேதி தாண்டிப்போச்சு" என்றார். "சரிம்மா" என்றேன். தாளை மறுபடி அச்சடித்துக் கொண்டுவந்தார்கள். போட்டுவிட்டேன். ஏப்ரல் 2011.

மே மாதம் போய்விட்டது. ஒரு மாதம் சித்தப்பா. முப்பத்தொரு நாள். நீங்கள் முதல் தாளைக் கிழிக்காமல் அனுப்பியிருந்தால் அது என்னுடையது. இதை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. நீங்களும் தெரிந்துகொண்டு சுமக்க வேண்டும்.

கையெழுத்துப் போட்டுவிட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு மீதியைப் படித்தேன். நான்கு தடவை படித்தேன். நான் அங்கே இருந்திருந்தால், அந்தச் சாவடிக்குள் பேனாவோடு நின்றிருந்தால், என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். அப்பாவின் தலைமாடு நினைவுக்கு வந்திருக்கும். நானும் கதிரில்தான் போட்டிருப்பேன். அவர் பெண்டாட்டி நான். ஜெயித்தால் வீட்டுக்கு வரலாம் என்று காத்திருந்தவள். அப்படியும் போட்டிருப்பேன்.

இதை அவரிடம் சொல்லாதீர்கள். உங்களுடையதையும் சொல்லாதீர்கள். முதல் விரல் நீங்களாகவே இருந்துவிட்டுப் போங்கள். அவரைச் சாப்பிட வையுங்கள். லெகிமான் தாத்தா வீட்டுக்கு ஒருநாள் கூட்டிப் போங்கள், தேர்தலுக்காக இல்லாமல்.

நஸ்வா சித்தியை அம்மா என்றே கூப்பிடட்டும். திருத்த வேண்டாம். என் படத்தைக் காட்டி அவளைத் தொந்தரவு செய்யவும் வேண்டாம். அவளாகக் கேட்டால் காட்டுங்கள்.

மற்றவர்களிடம் உங்கள் விருப்பப்படி என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், மூவாயிரம் பேர் வந்தார்கள் என்றே சொல்லுங்கள். எனக்கு மட்டும் மாதாமாதம் ஒன்று எழுதி அனுப்புங்கள்: நஸ்வாவைச் சுவரோடு நிறுத்தி, தலைக்கு நேராகக் கோடு போட்டு, நூலால் அளந்து அந்த நூலைக் கடிதத்தில் வையுங்கள். அவள் வளர்ந்ததில் ஒரு விரற்கடை கூடக் கூட்டிச் சொல்ல வேண்டாம் சித்தப்பா. அந்த அளவுக்குத்தான் நான் இங்கே சட்டை எடுக்க வேண்டும்.

ருமியாத்தி